ஐந்தாவது குரல்

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
ஆறுகளையெல்லாம் குழாயில் அடைத்து
மண்ணுக்கடியில் விட்டுவிட்ட ஊருக்கு
இந்தப் பெயர்.
சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

பகலில் நான் டிராம் பணிமனையில் மோட்டார் பிரிப்பவள்.
ஒரு ஞாயிறு, பழம்பொருள் சந்தையில்,
இறைச்சி அரைக்கும் எந்திரத்துக்கும்
ஜோடி தொலைத்த பனிச்சறுக்குக் கட்டைக்கும் நடுவே
கிடந்தது அந்தச் சாம்பல்நிற கேம் பாய்.
நாற்பது ஸ்வோட்டி கேட்டான்.
முப்பத்தைந்துக்குப் படிந்தது.

பேட்டரி அறையில் பச்சையாய்ப் பூத்திருந்தது உப்பு.
வினிகர் தொட்டுத் துடைத்தேன்.
சமையலறை முழுக்க ஊறிய வெள்ளரிக்காய் வாடை.
முதுகில் மூன்றிதழ்த் திருகுகள்,
என் பணிமனைத் திருப்புளி எதற்கும் மசியாதவை.
பேனாவின் பிட்டத்தை உருக்கித் திருகின்மேல் அழுத்தி
ஆறவிட்டுத் திருகினேன். திறந்தது.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்துக்கு முன்பே
இரண்டு கம்பியைப் பற்றவைத்து வெளியே இழுத்தேன்.
திரைக்குப் பின்னிருந்த வெள்ளித்தாளைச்
சவர பிளேடால் சுரண்டினேன், மூன்று மணி நேரம்.
அந்த இடத்தில் ஒரு நீல விளக்கு.
ஒரு விரலில் பிளாஸ்திரி.

உள்ளே இருப்பது நான்கே குரல்.
சதுரமாய் இரண்டு,
நான் வரைந்தபடி வளையும் ஒன்று,
மழைபோலவும் குப்பை லாரிபோலவும் இரைகிற ஒன்று.
மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்க வேண்டுமா?
ஒரே கோட்டு வைத்திருக்கும் மூன்று சகோதரர்கள்
கல்யாண விருந்துக்குப் போன கதைதான்:
ஒருவன் வெளியே வர, அடுத்தவன் மாட்டிக்கொண்டு உள்ளே ஓட,
பார்க்கிறவர்களுக்கு மூவரும் பந்தியில் இருப்பதாகத் தோன்றும்.
ஓட்டம் மட்டும் நிற்கக் கூடாது.

எல்லாம் சரி.
விளக்கைப் போட்டதிலிருந்து ஒரு முனகல்.
மின்தேக்கி வைத்தேன். பெரிதாக வைத்தேன்.
கம்பியை முறுக்கினேன், செப்புத்தாள் சுற்றினேன்,
ஒரு வாரம் அதனோடு பேசாமலும் இருந்து பார்த்தேன்.
டிமோன் சொன்னான்: "விளக்கைப் பிடுங்கிப் போடு."
அவன் கச்சேரி நடத்தும் பாதாள அறையில்
என் கட்டைவிரலே எனக்குத் தெரியாது.

நவம்பரில் ஒரு இரவு, பணிமனையில்,
நின்ற டிராமின் வயிற்றடியில் படுத்திருந்தபோது
அதுவும் முனகிக்கொண்டிருந்தது.
பத்தொன்பது வருடமாய் அந்த ஒலிக்கு மேல்தான்
சீட்டியடித்து வேலை செய்கிறேன்.
அதை யாரும் பழுது என்று சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து முனகலை அளந்தேன்.
பி-க்கு ஒரு மயிரிழை கீழே.
பாட்டு முழுவதையும் இறக்கினேன்,
கட்டம் கட்டமாய், விடியும்வரை,
அந்த மயிரிழைக்கு.

பழைய சாயப்பட்டறையின் கீழ்த்தளம்.
முப்பத்தொரு பேர், ஒரு நாய்.
சுவரில் இன்னும் யாரோ சிந்திய சிவப்பு.
பதினோரு நிமிடம் வாசித்துவிட்டு நிறுத்தினேன்.
நான்கு குரலும் ஓய்ந்தன.
ஒருவரும் கைதட்டவில்லை.
பாட்டு முடியவில்லை என்று நினைத்திருக்கிறார்கள்,
முனகல்தான் இருக்கிறதே.
நுழைவுச்சீட்டு கிழிக்கும் ஹல்ஷ்கா
வாயை மூடியபடியே அந்தச் சுரத்தைப் பிடித்தாள்.
பக்கத்தில் இருந்தவன் பிடித்தான்.
பிறகு யார் யார் என்று தெரியவில்லை.

கைப்பொத்தானைத் தள்ளி அணைத்தேன்.
திரை கறுத்தது.
சுரம் அங்கேயே நின்றது,
நாய் எழுந்து காதை உதறும்வரை.

மறுநாள் புது பேட்டரி நான்கு போட்டேன்.
முனகல் அரைச்சுரம் ஏறியிருந்தது.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்,
தேநீர் வைத்தேன்,
முதல் கட்டத்துக்குப் போய்
மறுபடி ஏற்றத் தொடங்கினேன்.