பின்சக்கரம்

லுமெட்சானேயின் குழாய்த் தொழிற்சாலையில்
இருபத்திரண்டு வருஷம் மெருகு போட்டவள் நான்.
பிறகு தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது.
மோட்டாரை மட்டும் விலைக்கு வாங்கி
வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொண்டேன்.
இப்போது சைக்கிள். பழைய பந்தயச் சைக்கிள்.

ஃபெர்மோ ஸுபானி வேனிலிருந்து இறக்கியபோது
அது சைக்கிளாக இல்லை.
கோழிக்கூண்டின் பக்கத்தில்
பதினைந்து குளிர்காலம் நின்ற ஒரு பிடிவாதம்.
"டேலியோவுடையது," என்றார்.
"அவன் மகன் பழைய இரும்பு விலைக்குப் போட்டான்."
பிறகு,
"முன்பக்கம் எப்படியோ செய்துகொள், நிவேஸ்.
பின்பக்கம் மட்டும் அச்சு அசலாக வேண்டும்."
ஏன் என்றேன்.
"முன்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை."

அலுமினியம் ஒரு விசித்திரம்.
அது வெளுக்க வெளுக்க
கையிலிருக்கும் துணி கறுக்கும்.
காஸ்டிக் சோடாவில் பழைய பூச்சு நுரைத்துக் கழன்றதும்
உப்புத்தாள். நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு.
எண் ஏறினால் கீறல் போய்விடும் என்பார்கள்.
போகாது. சிறுக்கும்.
மெருகு என்பது
கண்ணுக்குத் தப்பிய கீறல்களின் கூட்டம்.
இதை நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை.

பின் கியரின் வெளித்தகட்டில் ஒரு நசுங்கல்.
நிமிர்த்தச் சுத்தியலை எடுத்தேன்,
அன்றைக்கென்று பார்த்து அவர் வந்து நின்றார்.
"கை வைக்காதே.
எழுபத்தொன்று, ஈஸேயோ ஏரித் திருப்பம்.
என் முன்சக்கரம் முட்டிய இடம்.
நான் விழுந்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை."
தகட்டைக் கட்டைவிரலால் தடவினார்.
"இந்த வண்டியில் என்னுடையது இது ஒன்றுதான்."

அந்தக் குழிக்குள் மட்டும்
பஞ்சுக்குச்சியால் தேய்த்தேன், அரைநாள்.

சீட்டுத் தண்டு இறுகிக் கிடந்தது.
உள்ளே அலுமினியம், வெளியே இரும்பு,
நடுவில் டேலியோவின் வியர்வை உப்பு.
எண்ணெய் விட்டேன். கொதிநீர் ஊற்றினேன்.
பனிக்கட்டி கட்டினேன். திட்டினேன்.
மூன்றாம் வாரம் தண்டை வைஸில் கவ்வி
சட்டத்தையே இரண்டு கையாலும் பிடித்துத் திருகியதில்
பன்றி அலறுவதுபோல் ஒரு சத்தம்.
பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

போன் போட்டேன்:
"வந்துவிட்டது. உங்கள் உயரத்துக்கு இறக்கட்டுமா?
நாலு விரல் போதும்."
அந்தப் பக்கம் பேச்சில்லை.
"பழைய கோட்டிலேயே நிறுத்து."
"பிறகு எப்படி ஓட்டுவீர்கள்?"
"ஓட்டப்போகிறேன் என்று யார் சொன்னது?"

பின் அச்சில் பக்கத்துக்கு ஒன்பது எஃகுக் குண்டுகள்.
ஒன்று உருண்டு அடுப்புக்கடியில் போய்விட்டது.
எட்டோடும் சுற்றும், யாருக்கும் தெரியாது.
படுத்து, கரண்டியால் துழாவி எடுத்தேன்.
அந்தச் சக்கரத்தின் ஓசையை
நாலு பருவம் மூன்று முழத் தூரத்தில் கேட்ட காது அது.

நவம்பரில் வண்டி போனது.
காற்றடிக்கும் பம்பு என் மேசையிலேயே தங்கிவிட்டது.
கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று
ஒரு ஞாயிறு மாலை போனேன்.

கராஜின் இரும்புக்கதவு இழுத்து மூடியிருந்தது.
பக்கவாசல் வழியே நுழைந்தேன்.
டேலியோவின் சைக்கிள் தாங்கியில் முன்னால் நிற்கிறது,
ஏறுபவன் இல்லாமல்,
பின்பக்கம் கண்ணைப் பறிக்கும்படி.
அதன் பின்னால், உருளைகளின் மேல்,
தன் சொந்த வண்டியில் ஃபெர்மோ மிதிக்கிறார்.
அறுபத்தாறு வயது. காதோரம் வியர்வை.
கண் அந்த நசுங்கலை விட்டு அசையவில்லை.

"இன்னும் தாண்டவில்லையா?" என்றேன்,
சும்மா, வேடிக்கைக்கு.

அவர் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கியபடி சொன்னார்:
"அவனைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வை.
காற்று அங்கிருந்து அடிக்கிறது."

பம்பைக் கீழே வைத்தேன்.
தாங்கியை இரண்டு கையாலும் தூக்கி
ஒரு சாண் நகர்த்தினேன்.

"போதுமா?"
"இன்னும் கொஞ்சம்."