இரண்டு ரப்பர் தக்கைகள்

எட்டுச் சக்கரம், ஸ்டியரிங் கிடையாது.
இடது நெம்புகோலை இழுத்தால் இடப்பக்கம் நிற்கும்,
வலப்பக்கம் கேட்காது, சுற்றிக்கொண்டே வரும்.
மூடிப்போன ரிசார்ட்டின் ஏலத்தில் எடுத்தேன்
ஐஸ் பெட்டிக் கடனோடு இன்னொரு கடனாக.

ஆரம்பாக்கம் செக்போஸ்டில்
"வண்டியா, படகா?" என்று கேட்டுவிட்டு
என் முகத்தைப் பார்த்தார்.
நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?
பேனா மூடியைக் கடித்தபடி
போகச் சொல்லிவிட்டார்.

பெஞ்சலய்யா செயினுக்கு எண்ணெய் விட்டான்,
டயர்களை ஒவ்வொன்றாக உதைத்தான்.
"மெல்லகா, அக்கா."

நேற்றுவரை
இறால் கூடையோடு முழங்கால் புதைந்த சேறு
இன்று என்னைத் தொடவே இல்லை.
கரை முடிந்தது தெரியாமல்
ஏரிக்குள் இருந்தேன்.
தரை இல்லாத சக்கரங்கள்
தண்ணீரைப் பிசைந்தன.
வேகம் என்று சொல்ல முடியாது:
வலையைத் தோளில் போட்டு நடந்துவந்த ஒருவர்
என்னை முந்திப் போனார்.

கால் நனைந்தது. அலை தெறித்ததென்று நினைத்தேன்.
கணுக்கால்.
திரும்பினால் கரையில் பெஞ்சலய்யா
குதிக்கிறான், கத்துகிறான்,
கையை உயர்த்திக் காட்டுகிறான்:
நேற்று கழுவும்போது கழற்றிய
இரண்டு ரப்பர் தக்கைகள்.

ஏரி ஏறி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது.
இங்கே கல் நடவில்லை, கோடு போடவில்லை;
தமிழ்நாட்டில் மூழ்குகிறேனா ஆந்திராவிலா
என்றுகூடத் தெரியவில்லை.

வலைக்காரர் திரும்பி நின்றார்.
தண்ணீர் அவருக்கு இடுப்பளவு.
"ஏமாயிந்தி?" என்றார். பிறகு என் சேலையைப் பார்த்து
"என்னம்மா ஆச்சு?"

இறங்கினேன்.
அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
தள்ளினோம்.