எட்டாவது ஜன்னல்

வியாழக்கிழமை காலை பெட்டி வரும்.
அபெர்டீனில் மழை அதற்கு முன்பே வந்துவிடும்.
நாடாவை அறுத்து முதல் இதழை நான் எடுப்பதற்குள்
கடைவாசலில் நனைந்த குடைகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

தொலைக்காட்சியில் 'தொலைகரை' நின்று இரண்டு வருடம்.
கிட்டிவேக் என்கிற விண்கலம்
கடைசிக் காட்சியில் நீலப் புகைக்குள் போனது.
திரும்பியதா என்று சொல்வதற்குள்
எடுத்தவர்களுக்குக் காசு தீர்ந்துவிட்டது.
இப்போது மாதம் ஒருமுறை, முப்பத்திரண்டு பக்கம்,
விரலில் மை ஒட்டும் மலிவுக் காகிதத்தில்
ஒன்றேகால் பவுனுக்குத் திரும்பி வருகிறது.

லாக்லன் பிர்னி, எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து
ஹெலிகாப்டரில் இறங்கி நேரே இங்கேதான் வருவார்,
தோளில் பை, தாடியில் உப்பு.
முதல் பக்கத்திலேயே பதம் பார்த்துவிட்டார்.
'கலத்துக்கு ஏழு ஜன்னல்.
இவன் எட்டு போட்டிருக்கிறான்.'
ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போன விரல்
எட்டாவதில் நின்றது,
அங்கே யாரோ அசலார் எட்டிப் பார்ப்பதுபோல.

மிஸ் மில்னுக்கு ஜன்னலைப் பற்றிக் கவலையில்லை.
பொறியாளர் பிரானக் மூன்றாம் பருவத்தில் செத்தவள்.
இதில் உட்கார்ந்து காபி குடிக்கிறாள்.
'நான் அழுது முடித்தாயிற்று' என்றார்.
'பள்ளிக்கு ஒருநாள் விடுப்புகூடப் போட்டேன், பல்வலி என்று.
அந்தப் பொய்யை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?'
கேட்டபடியே இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார்,
படிக்க ஒன்று, உறைக்குள் வைக்க ஒன்று.

இதெல்லாம் கணக்கிலேயே சேராது என்றான் ரூரி, பதினாறு வயது.
படம்பிடித்ததுதான் நடந்தது.
வரைந்தது நடக்கவில்லை.
ரப்பர் காதும் அட்டைக் கோளும் நிஜம்,
மையும் காகிதமும் பொய்.
நான் தலையாட்டிவிட்டு அவனிடம் சில்லறை கேட்டேன்.

பிர்னி ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்,
நடுக்கடலில், இரவுப் பணிக்கு நடுவே,
ஆறு பக்கம், அளவுகோல் வைத்த வரைபடத்தோடு.
நான்காம் இதழில் அதில் மூன்று வரி அச்சானது.
கீழே பதில்: 'எட்டாவது ஜன்னல் கழிவறையுடையது.'
பிர்னியைப் பர்னி ஆக்கியிருந்தார்கள்.
மனிதர் கொதித்தார்.
இனி ஒரு பென்னி தரமாட்டேன் என்று
கல்லாவில் அடித்துச் சத்தியம் செய்தார்.
ஐந்து பிரதி வாங்கினார்.

அன்றைக்குத்தான் ஊனா,
மீன் ஆலை ரப்பர் காலணியைக்கூடக் கழற்றாமல் வந்தவள்,
கடைசி அலமாரியருகே நின்று
யார் வாய் எப்போது அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது.
பில்லின் பின்பக்கம் எழுதி என்முன் தள்ளினாள்:

'தொலைகரை முழுவதும் பார்த்தேன்.
எங்கள் வீட்டுப் பெட்டியில் எழுத்து ஓடாது.
கேப்டன் பாதி நேரம் முதுகைக் காட்டியே பேசுவார்.
நான்கு வருடம் அவர் பேச்சையெல்லாம் நான்தான் யோசித்தேன்.
இந்தப் புத்தகத்தில்தான் முதல்முறை தெரிகிறது,
அவர் என்ன பேசுகிற ஆள் என்று.'

பிர்னி குனிந்து படித்தார்.
மிஸ் மில்ன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தார்.
ரூரி தொப்பியைக் கழற்றினான், எதற்கென்று அவனுக்கே தெரியாது.
மூவர் முகத்திலும் ஒரு பெருந்தன்மை வந்து உட்கார்ந்தது,
எட்டு ஜன்னலையும் மன்னித்துவிடத் தயாராக.

அவள் பில்லைத் திரும்ப வாங்கி
இன்னொரு வரி சேர்த்தாள்.
'என்னுடையது இதைவிட நன்றாக இருந்தது.'

முதலில் சிரித்தது பிர்னிதான்.
பிறகு பேனாவைப் பிடுங்கி, கொட்டை எழுத்தில்:
நீலப் புகைக்குள் போகும்போது அவர் என்ன சொன்னார்?

பில்லில் இடம் தீர்ந்துபோயிருந்தது.
ஊனா கையால் சொன்னாள்.
இரண்டே அசைவு, இரண்டாவது கொஞ்சம் மெதுவாக.

யாருக்கும் புரியவில்லை.
இன்னொரு முறை என்று விரல் காட்டினார்கள்.
இன்னொரு முறை.
கடைசியில் மூவரும் குடைகளைக் கீழே வைத்துவிட்டு
தப்பும் தவறுமாக
அதைத் தங்கள் கைகளில் செய்து பார்த்தார்கள்.

ஐந்தாம் இதழ் வர இன்னும் நான்கு வாரம் இருந்தது.