கோமாரியில் மூன்றாம் இரவு

நிழலில் நிறுத்தினால் எங்களுக்குச் சுகம்,
கூரைத் தகட்டுக்குப் பட்டினி.
வெயிலில் நிறுத்தினால்
பற்றரி பசியாறும், நாங்கள் அவிவோம்.
வானுக்குள் மூன்று நாளாய் இதுதான் வழக்கு
எனக்கும் தேவசகாயத்துக்கும்.

இன்று வாகை மரம் வென்றது.
"பன்னிரண்டு புள்ளி ஒன்று" என்றார்
காய்ச்சல் பார்க்கிறவர் குரலில்.
விசிறி வேண்டாம்.
தேத்தண்ணிக்குக் காஸ் இருக்கு.
குளிர்பெட்டி மட்டும் ஓடட்டும்:
உள்ளே அவருடைய இன்சுலின்,
என்னுடைய அரைக் கிலோ சுறா.

ஏழரைக்கு ஊரே அணைந்தது.
கோயில் ஒலிபெருக்கி பாட்டின் நடுவில் விக்கி நின்றது.
கடல் அப்போதுதான் கேட்டது.
கோமாரி முழுக்க ஒரே வெளிச்சம்,
எங்கள் ஐந்து வாட் பல்ப்.

முதலில் ஈசல் வந்தது.
பிறகு தோணிக்காரப் பெடியன், போனும் வயருமாய்:
"கொஞ்சம் ஏத்தித் தாங்க அக்கா,
விடியக் கடலுக்குப் போகணும்."
அவன் முதுகுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

தேவசகாயம் மீட்டரைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
நான் சுறாவை வெளியே எடுத்துப்
பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.
திறக்காவிட்டால் விடியும்வரை குளிர் நிற்கும்,
ஊசி மருந்துக்கு அது காணும்.

"நாளைக்கு வெயிலில்தான்" என்றார்
ஏழு பேருக்குப் பங்கிட்ட கறிக்கு முன்னால்.
நான் மறுக்கவில்லை.
சோற்றில் விழுந்த ஈசலைப்
பொறுக்கிக்கொண்டிருந்தேன்.