இடது காது

உப்புவெளியில் சனிக்கிழமை.
பலகையில் சோக்கால் என் பெயர்: லொரெற்றா, பத்தரை மணி.
கீழே, அதே சோக்கால், இறால் விலை.

இடது காதில் ஹெட்போன். வலது காது உங்களுக்கு.
நீங்கள் இப்போது ஆடுகிற பாட்டு வலதில்.
இன்னும் ஆறு நிமிடத்தில் ஆடப்போவது இடதில்,
எனக்கு மட்டும்,
பக்கத்து வீட்டுச் சண்டைபோல மெல்லக் கேட்கிறது.
நடுவில் என் தலை:
ஒன்றை ஒரு முடியளவு பிந்தவிட்டு
மற்றதை எட்டிப்பிடிக்க வைக்கிற வேலை.

தானாய் ஒத்துப்போக ஒரு பொத்தான் இருக்கிறது.
அதன்மேல் பிளாஸ்ரர் ஒட்டியிருக்கிறேன்.

ஒரு வீட்டில் இரண்டு பேஸ் குடியிருக்க முடியாது.
ஒன்று எழும்பிப் போகும்வரை
மற்றது வாசலில் நிற்கவேணும், செருப்பைக் கழற்றாமல்.
மேல்சத்தங்கள் முதலில் உள்ளே வரலாம்:
ஹைஹாட், கைதட்டு, ஒரு பெண்குரலின் பாதிச் சொல்.
மூன்று நிமிடம். சிலவேளை நாலு.
எப்போது பாட்டு மாறியது என்று கேட்டால்
உங்களுக்குச் சொல்லத் தெரியக்கூடாது.
வியர்வைக்குத் தெரியும்.

“ஹவுஸ் எண்டால் வீடு தானே,”
பாலையூற்றில் மீன் வெட்டிக்கொண்டு அம்மா கேட்டா,
“அதுக்கேன் ஓடெல்லாம் ஆடுது?”

ஆரிட்டப் பழகினனீ என்று கேட்கிறவர்கள்
சிக்காகோ, டெற்றோயிற், பெர்லின் என்று
பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள்.
பொய்யில்லை. டைவிங் பழக்க வந்த ஜெர்மன்காரி ஒருத்தி
கடைசி மாத வாடகைக்குப் பதிலாய்
ஒரு ஹார்ட்டிஸ்க்கை விட்டுவிட்டுப் போனாள்.
இருநூறு மணித்தியாலம், பெயரில்லாத கோப்புகள்.
ஒரு மாரி முழுக்கக் கேட்டேன்.
ஆனால் முதல் உதை அதற்கும் முந்தியது.

எனக்கு ஒன்பது வயது.
இரவில் நேவிக்காரர்
துறைமுகத்துத் தண்ணிக்குள் வெடி போடுவார்கள்,
அடியில் ஆரும் நீந்தி வந்தால் செத்துப்போக.
காதுக்கு வரமுன் கட்டிலுக்கு வரும்.
டும்.
பிறகு நாலு நிமிடம். பிறகு பதினொன்று.
ஒருநாள் இரண்டு, அடுத்தடுத்து.
எண்ணிக்கொண்டு படுப்பேன். கணக்கு ஒருநாளும் சரிவரவில்லை.
வெடியைவிட
இடைவெளிக்குத்தான் பயந்தேன்.

பத்து வருசம் கழித்து, அந்த ஹார்ட்டிஸ்க்கில்,
டும். டும். டும். டும்.
அடுத்தது எப்போது என்று எனக்குத் தெரிந்தது.
வந்தது.
மறுபடி தெரிந்தது. மறுபடி வந்தது.
நிலத்தில் இருந்து அழுதேன், சிரிப்பாயும் கிடந்தது.
நிமிடத்துக்கு நூற்றி இருபத்திநாலு தரம்
ஒருவரும் சாகவில்லை.

இன்றைக்கு, பதினொன்றேகால்.
கண்ணுக்குள் வியர்வை. இரண்டு பாட்டும் திறந்து கிடக்க
உதைகள் விலகி
மாடிப்படியில் உருளுகிறவன்போலச் சத்தம்.
எது முந்துது, எது பிந்துது? பிடிபடவில்லை.
ஐஸ் பெட்டி இறக்க வந்த சப்றான்,
கிண்ணியாவில் பகலில் போட் எஞ்சின் திருத்துகிறவன்,
மேசைக்கு மேலால் குனிந்தான்:
“அக்கா, புதுசு பிந்துது.”

ஒரு விரல் தட்டு. பூட்டிக்கொண்டது.

“எப்பிடித் தெரியும்?”
“ரெண்டு எஞ்சின் பூட்டின போட் இப்பிடித்தான் இழுக்கும்.”
ஆடவில்லை அவன். காசை எண்ணினான், போனான்.

ஐஸ் உருகின தண்ணி
மேசைக்கடியில் வயரைத் தேடி வருகிறது.
பெருவிரலால் வயரைத் தூக்கிப் பிடித்தபடி
பழைய பேஸைக் கழற்றுகிறேன்.
புதியதை விடவில்லை. இன்னும் இல்லை.
எட்டு எண்ணிக்கை, வெறும் கடல்.
எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.
அடுத்தது எப்போது என்று
அவர்களுக்குத் தெரியும்.