பெரிய சால்

அன்று அவள் எண்ணெய் கேட்கவில்லை.
மாவு கேட்கவில்லை, அடுப்புக்குத் தணல் கேட்கவில்லை.
வாசலில் நின்று
"வெறும் பாத்திரம் இருந்தால் கொடு" என்றாள்.

எங்கள் எப்பிராயீம் மலைத் தெருவில்
கைமாற்றாகப் போகாத பொருள் இல்லை.
அரைக்கும் கல், ஆட்டுமயிர்க் கயிறு,
பேறுகாலத்தில் உட்காரும் கல்கூட
வீடு வீடாக நடந்திருக்கிறது.
வெறுமையைக் கடன் கேட்டு
யாரும் வந்ததில்லை.

அவள் புருஷன் செத்து மூன்று மாதம்.
கடவுளுக்குப் பயந்தவன்,
கடன்காரனுக்குப் பயப்படத் தெரியாதவன்.
முந்தின நாள்தான் வட்டிக்காரனின் ஆள் வந்து
மூத்தவன் தோளை
கன்று வாங்குகிறவன் போலத் தடவிப் பார்த்தான்.
சின்னவனை வாய் திறக்கச் சொல்லிப்
பல் எண்ணினான்.
தெரு பார்த்துக்கொண்டு நின்றது.
நானும் தெருதான்.

எக்லாள் மூன்று குடம் கொடுத்தாள்.
ஓதேசாள் ஒலிவக்காய் ஊறிய ஜாடியைக் காலிசெய்து
உப்புநீரை மண்ணில் ஊற்றிவிட்டுக் கொடுத்தாள்.
ஐந்து மாதக் கர்ப்பிணி பாராள்
இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகத்
தானே சுமந்துபோய் வைத்தாள்.
நான் கொடுத்தது
வாய் உடைந்த சிறு கலயம்.

உள்ளே, தானியக் குழிக்குப் பக்கத்தில்
சாக்கு போர்த்திக்கொண்டு இருந்தது பெரிய சால்.
ஓர் ஆள் இறங்கி உட்காரலாம்.
"வேறே இல்லையா?"
"வேறே இல்லை" என்றேன்.

போன அறுப்பில் வாங்கிப்போன சல்லடையை
அவள் கண் அறுந்து திருப்பித் தந்திருந்தாள்.
அந்தப் பொய்க்கு
அதைவிடப் பெரிய காரணம் எதுவுமில்லை.

கதவு சாத்திக்கொண்டாள்.
பையன்கள் உள்ளே.
நாங்கள் சுவரில் காது வைத்தோம்.
மண்ணோடு மண் உரசும் சத்தம்.
ஊற்றுகிற சத்தம்.
"இன்னொன்று."
ஊற்றுகிற சத்தம்.
"இன்னொன்று."
ஒரு குப்பி எண்ணெய் இத்தனை நீளமா என்று
எக்லாள் என் கையைக் கிள்ளினாள்.
வலித்தது; நன்றாகத்தான் இருந்தது.

பிறகு சின்னவன் குரல்
எல்லோருக்கும் கேட்டது:
"வேறே இல்லை, அம்மா."

என் வார்த்தை.
என் நாக்கிலிருந்து எடுத்து
அந்தப் பிள்ளையின் நாக்கில்
யாரோ வைத்த மாதிரி.

அத்தோடு நின்றது.

கடன் தீர்ந்தது. பையன்கள் தங்கினார்கள்.
வட்டிக்காரனுக்குக் காசு வழுக்கி
மூன்று தரம் எண்ணினான்.
என் கலயம் சாம்பல் போட்டுக் கழுவி வந்தது.
அடியில் கொஞ்சம் எண்ணெய்.
ஒரு வாரம் விளக்கெரிந்தது.
அந்த வெளிச்சத்தில் நான்
உள்ளறைப் பக்கம் திரும்பவில்லை.

இனி இதைச் சொல்கிறவர்கள்
தேவமனிதனைச் சொல்வார்கள்.
சொல்லட்டும், யோசனை அவருடையது.
அவளை "ஒரு விதவை" என்பார்கள்.
பதினொரு வீட்டுக்கும் சேர்த்து
"அயலார்" என்று ஒரே சொல்.
எக்லாளின் மூன்று குடம் அதற்குள் அடங்கிவிடும்,
ஓதேசாள் கொட்டிய உப்புநீர் அடங்கிவிடும்.
கொடுக்காத பாத்திரத்துக்கு
எந்தச் சொல்லிலும் இடமில்லை.

இந்த மழைக்கு முன்னால்
பாராளின் மூத்தவளைக்
கடனுக்குக் கூட்டிப்போனார்கள்.
போகும்போது அவள்
தெரு முனைவரை திரும்பித் திரும்பி
ஒவ்வொரு வாசலாகப் பார்த்தாள்.

இரவில் சாக்கை விலக்கிச்
சாலுக்குள் தலையைக் கொடுக்கிறேன்.
எவ்வளவு பிடிக்கும் என்று
முழங்கையால் அளக்கிறேன்.
எத்தனை பெண்பிள்ளைகள் பிடிக்கும் என்று
அளக்கிறேன்.
மூச்சு விட்டால்
அது திருப்பி மூச்சு விடுகிறது.

இன்று விடியலில்
பெரிய சால் தெருவுக்கு வந்தது.
உருட்டி வந்தது நான்.
வாய் மேலாக நிமிர்த்தி,
கதவை விட்டுத் தள்ளி,
யாரும் கேட்காமலே எடுத்துப்போகிற இடத்தில்.

எதற்கு என்று கேட்டாள் ஓதேசாள்.
"மழை வரும்போல இருக்கிறது" என்றேன்.

வானத்தில்
உள்ளங்கை அளவு மேகம்கூட இல்லை.