செயலாளர் அறிக்கை: முதல் வரைவு

கடைக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டேன்.
சீமெந்து மூட்டைகளுக்கும் கம்பிக் கட்டுகளுக்கும் நடுவே
மேசையைத் துடைத்து
நாளைய கூட்டத்துக்கு எழுதுகிறேன்.
கரையோரப் பாதுகாப்புக் குழு, நிந்தவூர்.
உறுப்பினர் பதினொருவர்.
கூட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நால்வர்.
வெளியே மழை.
வர வேண்டிய மழைதான், மூன்று கிழமை பிந்தி.

ஜனவரியில் களியோடை ஓரம்
கண்டல் கன்றுகள் முந்நூறு நட்டோம்.
இப்போது நிற்பவை எண்பத்தேழு.
மீதியை ஆடு தின்றது என்று எழுதினால்
ஆட்டுக்காரர் கோபிப்பார், அவரும் உறுப்பினர்.
'இயற்கைக் காரணங்கள்' என்று போட்டிருக்கிறேன்.

கடிதங்கள் இருபத்திரண்டு.
பிரதேச செயலகம், கச்சேரி,
கொழும்பில் பெயர் தெரியாத ஒரு மேசை.
பதில் ஒன்று:
'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.'
சட்டம் போட்டு மாட்டலாம் என்றார் கலந்தர்லெவ்வை.
சிரித்தோம்.
பிறகு இருபத்து மூன்றாவதை எழுதினோம்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது வேடிக்கை.
முப்பது வருடம் ஒரே கட்சிக்குப் புள்ளடி போட்டவன்,
பள்ளிவாசலில் மின்விசிறி மாற்றவே
இரண்டு கூட்டம் கேட்டவன்,
ஊர்வலம் வந்தால் கடையை இழுத்து மூடுகிறவன்.
சந்தியில் கேட்டார்கள்:
"முதலாளி, நீங்களும் புரட்சிக்காரனா?"

இல்லை.
எனக்குப் புதியது எதுவும் வேண்டாம்.
ஐப்பசி மழை ஐப்பசியில் வர வேண்டும்.
வெள்ளாமை பழுக்கும்போது
வானம் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.
கடல் அது இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.
மாற்றத்தை நம்பாதவன் கேட்பது இவ்வளவுதான்.

கொழும்புப் பிள்ளைகள் பதாகை தந்தார்கள்,
'பூமியைக் காப்போம்.'
பூமி பெரிய சொல்.
தூக்க எங்களிடம் ஆள் போதாது.
நான் வேறு கணக்குச் சொன்னேன்,
ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடுகிறவர்களிடம்:
வீட்டை மகளுக்குக் கொடுக்கிறோம்.
வீட்டோடு கிணற்றையும் கொடுக்கிறோம்.
கிணற்றில் உப்பு ஏறினால்
மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வீர்கள்?
செருப்பு கிடைத்த பிறகும்
சிலர் நின்றார்கள்.

ஜூலையில் அலியாரின் வாடி போனது.
முதல்நாள் மாலையே வலைகளை எடுத்துவிட்டார்.
அதில் எங்கள் பங்கு உண்டா, தெரியவில்லை.
'சாதனைகள்' பத்தி இன்னும் வெற்றிடம்.

என்னைப் பற்றியும் எழுத வேண்டும்.
ஆற்று மணல் விற்பதை மே மாதம் நிறுத்தினேன்.
வாங்குகிறவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள்.
அதே மணல், அதே லொறி,
என் வாசலைக் கடந்துதான் போகிறது.
மனைவி கணக்குக் கொப்பியைக் கேட்டாள். கொடுத்தேன்.
பார்த்து மூடிவிட்டு
"வாற வருசமும் இப்படித்தானா?" என்றாள்.

ஆதம்பாவா ஹாஜியார், அரிசி ஆலைக்காரர்.
பெப்ரவரிக் கூட்டத்தில் எழுந்து சொன்னவர்:
"கடலை அல்லாஹ் பார்ப்பான், நீ சீமெந்தைப் பார்."
ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசக்கூடாது என்பது
வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது எனக்கு.

இன்று இஷாவுக்குப் பிறகு
பாதிக் கதவுக்குக் கீழே குனிந்து வந்தார்.
கையில் சோடாப் போத்தல், அதில் தண்ணீர்.
"மூத்தவள் வீட்டுக் கிணறு."
வேறொன்றும் பேசவில்லை.
மீற்றரை முக்கினேன்.
எண் ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது.
ஏப்ரலில் ஊர்க் கிணறெல்லாம் அளந்தபோது
அந்தக் கேற்றை அவர் திறக்கவில்லை.
ஒப்பிட எங்களிடம் எண் இல்லை.

துண்டுக் கடதாசியில் எழுதித் தரச் சொன்னார்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
"நாளைக்கு எத்தனை மணிக்கு?"
அஸருக்குப் பிறகு, என்றேன்.
போத்தலை மேசையிலேயே விட்டுப் போனார்.

இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?
உறுப்பினர் பதினொருவர் என்பதை வெட்டிப்
பன்னிருவர் என்று எழுதினேன்.
பிறகு அதையும் வெட்டினேன்.
முதலில் வரட்டும்.
கதிரை ஒன்று கூடப் போடும்படி
கடைப் பையனிடம் சொல்ல வேண்டும்.